சாமைப் பைக்கு ஒரு முகம்

எனக்கு வரையத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜவ்வாது மலையில் பாதிப் பேர் என்னை ஆர்ட்டிஸ்ட் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் போனில் ஒரு ஆப்பைத் திறந்து, யாரோ புண்ணியவான் செய்து வைத்த டெம்ப்ளேட்டில் எழுத்தை மாற்றுவது மட்டும்தான். பியூட்டி பார்லர் திறப்பு விழாவுக்கென்று செய்த ரோஜாப்பூ நோட்டீஸில் ‘காதணி விழா’ என்று அடித்தால் காதணி விழா. அதிலேயே ‘கோழித் தீவனம் கிடைக்கும்’ என்று அடித்தால் கோழித் தீவனம். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு ஊரில் எனக்கு நாற்காலி போடுகிறார்கள்.

நான் பிறந்தது அடிவாரத்து ஆலங்காயத்தில். கணவருக்குக் காவலூரில் வேலை கிடைத்ததால் மலையேறினோம். தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்காக, ராத்திரியில் இருட்டாக இருப்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. அங்கிருந்து ஜமுனாமரத்தூர் போகிற வழியில் ஒரு மலையூர். அந்த ஊர்ப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, மிஷின் வைத்துச் சாமையைத் தோல் நீக்கி அரிசியாக்கிப் பை போட்டு விற்கிறார்கள். பைக்கு லேபிள் வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் கம்ப்யூட்டரம்மா. என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன், யாரும் கேட்டபாடில்லை.

‘ஆர்கானிக்’ என்று தேடியதில் ஒரு டெம்ப்ளேட் கிடைத்தது. பச்சைப் பின்னணி. நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் காட்டன் புடவை கட்டிய ஒரு பெண், கையில் மண் சட்டி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு. பார்த்ததும் சாமைக் கஞ்சி குடிக்கத் தோன்றும் முகம். அதன் கீழே ‘மலைச் சாமை’ என்று அடித்தேன். வேலை முடிய ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை, ஆனால் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

குழுவின் தலைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதைத் தாண்டியவர். சாமை காயும் களத்தில் கோழி கால் வைத்தால் கோழிக்கும் கோழி வளர்ப்பவருக்கும் சேர்த்துத் திட்டு விழும். அந்த அக்கா லேபிளைக் கையில் வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரும்மா இந்தப் பொண்ணு?”

“யாரோக்கா. போன்ல வர்ற படம்.”

“யாரோன்னா எப்டி? அவங்கம்மா அப்பா யாருன்னு தெரியாமயா நம்ம பைல ஒட்டறது?”

நான் சிரித்து மழுப்பினேன். அவர்கள் மழுப்பவில்லை. அந்த வாரமே அவளுக்கு ஊர் கிடைத்துவிட்டது. மேல்பட்டுப் பக்கத்துப் பெண்ணாம், கட்டிக்கொடுத்தது கீழே எங்கேயோ சமவெளியில். திருவிழாக் கடையில் சாமை வாங்க வந்தவர்கள், “படத்துல கீறவங்க யாருங்க?” என்று கேட்டபோது அக்கா கொஞ்சமும் யோசிக்காமல், “என் தங்கச்சிங்க” என்றார். கூடப் பிறந்தது ஒரே ஒரு அண்ணன்தான் என்பது ஊருக்கே தெரியும். அந்த அண்ணனோடு பேச்சு இல்லை என்பதும் தெரியும். அதனால் யாரும் அக்காவைத் திருத்தவில்லை.

அந்தப் பேச்சு நின்றுபோன கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அண்ணன் போளூர் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் வேலைக்குப் போய் அங்கேயே குடியேறியவர். அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார். எங்கள் பக்கத்தில் விழா என்றால் முதலில் ஃப்ளெக்ஸ், அப்புறம்தான் பந்தல். பெண்ணின் படம் பெரிதாக, அதன் கீழே வட்ட வட்டமாக உறவுக்காரர்களின் முகங்கள். எந்த முகம் முதலில், எது கடைசியில் என்பதில் ஒரு பஞ்சாயத்தே நடக்கும். அக்கா சீர்த்தட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த ஃப்ளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். பெரியப்பா இருந்தார். மாமன்மார் இருந்தார்கள். வாடகை வீட்டுக்காரர் இருந்தார். சொந்த அத்தை இல்லை. அண்ணன் சொன்ன காரணம், டெம்ப்ளேட்டில் எட்டு வட்டம்தான் இருந்தது என்பது. அக்கா சீர்த்தட்டைப் பந்தலில் வைத்துவிட்டு, ஒரு வாய் சோறு சாப்பிடாமல் திரும்பி வந்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் அக்கா, “வாடகை வூட்டுக்காரனுக்கு ஒரு வட்டம், எனக்கு இல்ல” என்றுதான் முடிப்பார். டெம்ப்ளேட்டில் வட்டம் சேர்ப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு வந்ததில்லை.

இப்படி இருக்கும்போது எங்கள் சாமைக்கு நல்ல காலம் வந்தது. வாணியம்பாடியில் பெரிய மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு பாய், இந்த வருஷம் நோன்புக் கஞ்சிக்குச் சாமை விற்றுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார். நோன்பு மாதம் முழுக்க அவர் கடையிலும், போளூரில் அவர் மச்சான் கடையிலும் எங்கள் பை இருக்கும். அது நடந்தால் மிஷின் வருஷம் முழுக்க ஓடும், கூலிக்குக் கீழே இறங்க வேண்டிய பெண்கள் மலையிலேயே இருக்கலாம். சாம்பிள் பையோடு நான் போனேன். பாய் சாயா வரவழைத்தார். பையை வாங்கிப் பார்த்தார். பிறகு மேஜை டிராயரை இழுத்து, உள்ளே துழாவி, ஒரு நோட்டீஸை எடுத்து என் முன்னால் போட்டார்.

மூட்டுவலித் தைல விளம்பரம். அதே காட்டன் புடவை, அதே முப்பத்திரண்டு பல்.

“உன் சாமைக்காரிக்கு மூட்டுவலி பாவம்” என்றார் பாய். அப்புறம் இன்னொரு காகிதத்தை எடுத்தார். ஏதோ ஒரு பல் ஆஸ்பத்திரி. “பல்லும் புடுங்கிக்கினா. அப்பவும் எப்டி சிரிக்கிறா பாரு.”

நான் சாயா கிளாஸைக் கீழே வைத்தேன். பாய் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “மால் நல்ல மால்மா. ஆனா இந்த மூஞ்சியோட நான் வைக்க மாட்டேன். ஊர்ல பத்துப் பேர் சிரிப்பான், அது போகட்டும். நாளைக்கு எவனாச்சும் இது எங்க படம்னு நோட்டீஸ் அனுப்புனா கடைக்குத்தான் பேஜார். மூஞ்சிய மாத்து. நோன்பு வர்றதுக்குள்ள மாத்து.”

“மூஞ்சியே இல்லாம, வெறும் மலையும் மரமுமா போட்டுடட்டுமா பாய்?”

“மலைய பாத்து யாரும்மா கஞ்சி காச்சுவாங்க? மனுசங்க மூஞ்சி போடு. உங்க மூஞ்சியா போடு.”

பஸ்ஸில் திரும்பும்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஆப்பின் விதிமுறைகளைப் படித்தேன். ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்ற பட்டனை எத்தனையோ தடவை அழுத்தியிருக்கிறேன், எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று பார்த்ததே இல்லை. ஆலங்காயம் வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. படத்தை நோட்டீஸிலும் பையிலும் பயன்படுத்தலாம், அதுவரை சரி. ஆனால் படம் எடுத்தவருக்குத்தான் அது சொந்தம், நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டும். அதே அனுமதி உலகத்தில் எல்லோருக்கும் உண்டு. அதனால் அந்த முகத்தை நம் பிராண்டின் அடையாளமாக்கி எனக்கு மட்டும் சொந்தம் என்று பதிவு செய்யக் கூடாது. படத்தில் இருப்பவர் நம் பொருளை மெச்சுவதுபோலவோ, நம் ஆள் என்பதுபோலவோ காட்டவும் கூடாது. நாங்களோ அவளை மேல்பட்டில் பிறக்க வைத்து, சமவெளியில் கட்டிக்கொடுத்து, அக்காவுக்குத் தங்கச்சியும் ஆக்கியிருந்தோம்.

களத்தில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

“அப்ப அவள அனுப்பிடணுமா?” என்றார் அக்கா.

“அனுப்பறதுக்கு அவ இங்க இல்லக்கா. படத்த மாத்தணும்.”

“ரெண்டு வருசமா நம்மளோட இருந்துக்கினு கீறா.”

மிஷின் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த லேபிளை அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார். கிழிந்துவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்து எடுத்தார். அதைக் கசக்கிப் போடுவார் என்று பார்த்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அடுத்த கேள்வி, யார் முகம் என்பது. நான் சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கல்யாண வீடியோவில் கேமரா திரும்பும் பக்கமெல்லாம் போய் நிற்கிறவர்கள்தானே இவர்கள்? கேட்டும்விட்டேன். ஒரு பெண் முணுமுணுத்தாள்: “கூட்டமா நின்னா நிப்போம்மா. தனியா போட்டா, செத்துட்டோம்னு நெனப்பாங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்து ஃப்ளெக்ஸ் சட்டம் ஆப்பின் சட்டத்தைவிடக் கறாரானது. நல்ல காரியம் என்றால் கூட்டமாக முகம். ஒற்றை முகம், அதுவும் நடுவில் பெரிதாக என்றால் கண்ணீர் அஞ்சலி. கட்சிக்காரர்கள் மட்டும் உயிரோடு தனியாகச் சிரிக்கலாம். மற்றவர்கள் தனியாகச் சிரித்தால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பொருள். எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்துப் பையில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முகமும் சாமை அளவுக்கு இருந்தது. பாய் போனிலேயே, “இதென்னம்மா ரேஷன் கடை கியூவா?” என்று கேட்டுவிட்டார்.

நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாமை புடைத்துக்கொண்டிருந்த அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

“பை முழுக்க என் மூஞ்சி மட்டுந்தானா? பக்கத்துல வேற யாரும் வர மாட்டாங்களே?”

“வர மாட்டாங்கக்கா.”

“எட்டு வட்டத்துல எடம் இல்லாத மூஞ்சி. சரி, போடு. செத்தவன்னு நெனச்சா நெனக்கட்டும்.”

நான் புதிதாகச் சட்டம் படித்தவள், சும்மா விடுவேனா? ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். படம் எடுப்பது நான், அதைக் குழுவுக்கே கொடுத்துவிடுகிறேன். முகம் அக்காவுடையது. சாமைப் பை, நோட்டீஸ், கடை ஃப்ளெக்ஸ், இவை தவிர வேறு எதற்கும் அக்காவைக் கேட்காமல் யாரும் இந்தப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது. வாசித்துக் காட்டினேன். “மூட்டுவலித் தைலம்?” என்று கேட்டார். கூடவே கூடாது என்றேன். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்.

படம் எடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. போனைத் தூக்கியதும் அக்காவுக்கு ஆதார் கார்டு முகம் வந்துவிடும். சிரிங்கக்கா என்றால் இன்னும் இறுகும். இந்த முகத்தோடு பையை விட்டால் கண்ணீர் அஞ்சலி உறுதி. வெயில் ஏறிக்கொண்டே போனது, நான் சலித்துப்போய், “சின்ன வயசுல எப்பவாச்சும் சிரிச்சிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“ஏன் சிரிக்காம? எங்கண்ணன் தேனெடுக்க மரம் ஏறுனான் பாரு, அன்னிக்கு சிரிச்ச சிரிப்பு...” என்று ஆரம்பித்தார். பூச்சி துரத்தியதில் அண்ணன் சரசரவென்று இறங்கிவிட்டாராம், டவுசர் மட்டும் கிளையில் மாட்டிக்கொண்டு மேலேயே நின்றுவிட்டதாம். தங்கச்சி தலையிலிருந்த துண்டைப் பிடுங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் அண்ணன் ஊருக்குள் போனாராம். சொல்லும்போதே அக்கா குலுங்கிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. நான் எடுத்துவிட்டேன். டெம்ப்ளேட்காரியின் சிரிப்பு அதற்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

பாய்க்குப் படம் பிடித்துப்போனது. “இது மூஞ்சி!” என்றார். பை நோன்புக்கு முன்பே கடைக்குப் போனது. அவர் அதோடு நிற்கவில்லை. போளூரில் மச்சான் கடை வாசலில், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்படி அக்காவின் முகத்தை ஆளுயர ஃப்ளெக்ஸாக அடித்துக் கட்டிவிட்டார். கீழே ‘மலைச் சாமை இங்கே கிடைக்கும்’ என்று பெரிய எழுத்தில் நான்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். இரண்டு நாளில் யாரோ ஒரு கல்யாண வீட்டுக்காரர் தங்கள் ஃப்ளெக்ஸை அதற்கு முன்னால் நட்டிருக்கிறார். சாமை என்ற எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. முகம் மட்டும் மேலே தெரிந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் மலையில் எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் ஒருநாள் காலை அடுத்த கட்டுப் பைகளோடு களத்துக்குப் போயிருந்தேன். அக்கா சாமையைக் காலால் துழாவிக் காயவைத்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஓர் ஆள் வந்தார். வாயில் துண்டைப் பொத்தியிருந்தார், தோள் குலுங்கியது, மற்றொரு கையில் ஒரு ரோஜா மாலை. வழியில் இருந்தவர்கள் ஆளை அடையாளம் கண்டு விலகி நின்றார்கள். அவர் நேராக அக்காவின் வாசலுக்குப் போனார். அங்கே பந்தலும் இல்லை, பெஞ்சும் இல்லை. குழம்பிப்போய்த் திரும்பினார்.

“இன்னாண்ணா?” என்றார் அக்கா களத்திலிருந்து. வருஷக்கணக்கில் பேசாத பேச்சு, பழக்கத்தில் அதுவாக வந்துவிட்டது. “யாரு போய்ட்டாங்க?”

அண்ணன் அவரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார்.

“நீதான்” என்றார்.

பஸ் ஜன்னலில் பார்த்தாராம். தங்கச்சி முகம், தனியாக, பெரிதாக. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர் பஸ் பிடித்தவர் ஜமுனாமரத்தூரில் மாலை வாங்கும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. “போன் பண்ணிக் கேக்கிறதுதான?” என்று அக்கா சீறினார். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “யார கேப்பேன்? கேட்டா, கூடப்பொறந்தவனுக்கு இப்பத்தான் தெரியுமான்னு திருப்பிக் கேப்பாங்களே.”

சுற்றி நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே களம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “செத்தாத்தான் வருவியா நீ?” என்று கேட்டார். அக்கா அவர் கையிலிருந்த மாலையைப் பிடுங்கினார், எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார், கடைசியில் சாமை மிஷினுக்குப் போட்டுவிட்டு உள்ளே போனார். உலை வைக்கும் சத்தம் கேட்டது.

நோன்பு முடிந்தும் பாய் சாமை கேட்டுக்கொண்டிருக்கிறார். மிஷின் ஓடுகிறது. அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, போன மாதம் அக்கா எங்களையெல்லாம் போளூருக்கு அழைத்துப் போனார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மண்டபத்து வாசலில் ஃப்ளெக்ஸ். பொண்ணு மாப்பிள்ளைக்குக் கீழே வட்டங்கள். நான் என்னையறியாமல் எண்ணினேன், ஒன்பது. முதல் வட்டம் மற்றவற்றைவிடப் பெரிது. அதில் அக்கா, டவுசர் கதைச் சிரிப்போடு. சாமைப் பையிலிருந்து போனில் பிடித்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், தோளுக்குப் பக்கத்தில் ‘மலைச்’ என்ற எழுத்து அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்குள் இருந்த சட்டம் விழித்துக்கொண்டது. “அக்கா, இது தப்பு” என்றேன். “நாம எழுதின பேப்பர் என்ன சொல்லுது? உங்களக் கேக்காம வேற எதுக்கும் போடக்கூடாது. உங்களக் கேட்டாரா?”

“கேக்கல” என்றார் அக்கா, ஃப்ளெக்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அப்ப நோட்டீஸே அனுப்பலாம்.”

“அனுப்பு. கேக்காம போட்டான்ல, நல்லா காரமா எழுதி அனுப்பு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சீர்த்தட்டைத் தலைக்கு ஏற்றினார். இரண்டு எட்டு நடந்தவர் திரும்பினார். “ஆனா படத்த எடுத்துடணும்னு மட்டும் எழுதிடாத.”